பெட்டிக்குள் போகவேண்டிய பெரிய நோட்டு

பாக்கியநாதன் மாஸ்டர் வெள்ளிக்கிழமை மத்தியானம் இறந்துபோனார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அவருக்கு ஏழு பட்டங்கள் வந்து சேர்ந்திருந்தன. பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தெருவில் வரிசையாகக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர்களில் 'ஜாஸ் சக்கரவர்த்தி', 'ஸ்விங் சிங்கம்', 'எங்கள் இசைக்கப்பல்' என்றெல்லாம் போட்டிருந்தது. ஒரு பேனரில் மட்டும், அச்சடித்தவர் பழைய ஆர்டரை முழுசாக அழிக்க மறந்துவிட்டதால், 'முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர்' என்றும் இருந்தது. மாஸ்டர் வாழ்நாளில் பெற்ற ஒரே அரசியல் பதவி அதுதான்.

பென்னிக்கு எந்தப் பேனரும் கண்ணில் படவில்லை. அவனுக்கு நாற்பத்தேழு வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். மாஸ்டர் நடத்திய 'ஜெனரல் ஷிப்ட்' என்ற பேண்டில் முதல் ட்ரம்பெட். காலையில் வண்டியை நிறுத்துவதற்குள் ட்ராம்போன் ராபின் ஓடிவந்து காதில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டான்.

"அண்ணே, பெரிய நோட்டை பெட்டில வெச்சி அனுப்பப்போறாங்களாம்."

"யாரு சொன்னது?"

"முத்தம்மாம்மாதான். பாஸ்டர்கிட்டயே சொல்லிட்டாங்கோ. அவரும் தலையாட்டிட்டாரு."

"அவருக்கு அது இன்னா நோட்டுன்னு தெரியுமா?"

"பாட்டு நோட்டுன்னு நெனச்சிக்கினாரு. ஞானப்பாட்டு."

அடக்கம் மாலை நாலு மணிக்கு. அந்தப் பெரிய நோட்டில் மாஸ்டர் அமைத்த நாற்பத்துமூன்று உருப்படிகளும் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் பதினோரு பேரின் வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும்: யார் எப்போது நுழைகிறார், யார் யாருக்கு வழிவிடுகிறார், எல்லாம். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. அது மண்ணுக்குள் போனால் நாளைக்குப் புதிதாக ஒரு ஆள் பேண்டில் சேர்ந்தாலும் அவனுக்கு எங்கே இடம் என்று சொல்ல யாராலும் முடியாது. பென்னிக்கு ஆறு மணி நேரம் இருந்தது.

மாஸ்டரின் கதையைச் சுருக்கிச் சொல்வது கஷ்டம். அவரே அளவுக்குமேல் சுருக்கிச் சொல்லித்தான் அதைக் கெடுத்து வைத்திருந்தார். யாராவது கேட்டால், "மெட்ராஸ்ல வாசிச்சேன், அப்புறம் இங்க வந்துட்டேன்" என்பார். நடுவில் இருந்த பதினேழு வருடங்களைப் பற்றி ஒரு மூச்சு விடமாட்டார். வயல் கூலிகளின் மகன். மிஷன் ஹாஸ்டல் ஆர்மோனியத்தில் ஆரம்பித்து, பத்தொன்பது வயதில் கிளாரினெட்டும் கையுமாக மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் நின்றவர். சாயங்காலம் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அங்கே ஜாஸ் வாசித்தார். ரெக்கார்டைக் காதால் கேட்டே எட்டு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நோட்ஸ் பிரித்து எழுதுவார். ஹோட்டலில் அவர் கை படாத பாட்டு கிடையாது. பகலில் சினிமா ஸ்டூடியோக்களில் அரேஞ்ச்மெண்ட். மெட்டுப் போட்டவர் விசிலடித்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வருவதற்குள் நாற்பது வயலினுக்கு வேலை தயாராக இருக்கும். டைட்டில் கார்டில் மீன்குழம்பு சப்ளை செய்தவருக்குக்கூட நன்றி வந்தது. பாக்கியநாதன் பேர் ஒரு தடவையும் வரவில்லை.

ஹோட்டல்காரர்கள் ஒருநாள் பேண்டை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்தார்கள். மாஸ்டர் அதை ஒருமணி நேரம் நின்று கேட்டுவிட்டு, "நல்லா வாசிக்குது. மூச்சே வாங்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வருடம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். ஜாஸ் செத்துப்போச்சு என்று மெட்ராஸில் முடிவுகட்டிய அந்தச் சமயத்தில் அது கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகி வந்துவிட்டிருந்தது. சம்பந்தப்பட்டவர்களுக்கு ஆர்டர் நகல் அனுப்பத் தவறிவிட்டார்கள்.

இங்கே அவருக்குக் கிடைத்த முதல் துணை வாத்தியம் கம்பெனிச் சங்கு. ஆறு மணிக்கு அது ஊதும்போது என்ன சுருதியில் ஊதுகிறது என்று கிளாரினெட்டை வைத்துப் பார்த்தார். அதே சுருதியில் ஆரம்பித்து ஓர் உருப்படி எழுதினார். பேர் 'ஆறு மணி ஷிப்ட்'. பிறகு கம்பெனி புதுச் சங்கு மாட்டியது. அது பழையதைவிட அரைச் சுருதி கீழே. பதினோரு நாள் உட்கார்ந்து பதினோரு பேருக்கும் அரைச் சுருதி இறக்கி எழுதிக் கொடுத்தார். கம்பெனி நிர்வாகத்திடம் அவர் கோபித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அவர்களுக்கு எதற்கென்று கடைசிவரை புரியவில்லை.

'சோழவரம் மூணாவது வளைவு', 'கேட் போட்டாச்சு', 'அத்திப்பட்டுப் புகை' எல்லாம் அப்புறம் வந்தவை. ஆள் சேர்த்தது மில்லிலிருந்தும் கெமிக்கல் கம்பெனியிலிருந்தும் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்தும். கல்யாணம், காதுகுத்து, தேர்ப்பவனி, சாவு, எதற்கும் போவார்கள். முதல்முதலாக ஒரு சாவுக்கு ஸ்விங் வாசித்தபோது செத்தவரின் மருமகன், "எம் மாமனார் போனதுல இவங்களுக்கு இன்னாய்யா இவ்ளோ சந்தோசம்?" என்று சண்டைக்கு வந்தான். தெருமுனை திரும்புவதற்குள் அவன்தான் எல்லாருக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் வாத்தியத்துக்கு எழுதமாட்டார், ஆளுக்கு எழுதுவார். கம்பெனி ஸ்டோர்ஸ் சீட்டின் பின்பக்கத்தில்தான் எல்லாருடைய நோட்ஸும். உச்சியில் 'இரண்டாம் ட்ராம்போன்' என்றெல்லாம் இருக்காது. 'பீட்டருக்கு — மேல்பல் ரெண்டு இல்லை. உச்சம் வேண்டாம்' என்றிருக்கும். 'நாகமுத்துவுக்கு — துடுப்புப் போடுகிற தோள். நீளமாகக் கொடு.' பென்னி சேர்ந்தபோது அவனுக்கு வந்த சீட்டில், 'பென்னிக்கு — கிரேன்மேல் உட்கார்ந்துகொண்டே வாசிக்கிறான். கீழே இறக்கவும்' என்றிருந்தது. பென்னி அதை ஒரு வாரம் யாரிடமும் காட்டவில்லை.

இப்படி ஆள் பேர் போட்டு எழுதியதால்தான் அந்த வழக்கமே வந்தது. தொண்ணூற்றெட்டில் பீட்டர் இறந்தபோது அவர் மனைவி அந்தச் சீட்டுகளைச் சட்டைப்பையில் வைத்து அவரோடேயே அனுப்பிவிட்டாள். "பீட்டருக்குன்னு எழுதிக்கீது. வேற யாருக்குக் குடுக்கறது?" என்றாள். நாகமுத்து போனபோது அவர் மனைவி செல்லியம்மாள் அவர் ஊதிய யூஃபோனியத்தின் சீட்டைச் சிதையில் வைத்தாள். அதன்பிறகு அது சட்டம்போல ஆகிவிட்டது. மாஸ்டரும் சரி என்றார். ஜெராக்ஸ் கூடாது என்று தன் பங்குக்கு ஒரு விதியையும் சேர்த்தார். பீட்டர் இடத்துக்கு ராபின் வந்தபோது ராபினுக்கென்று புதுசாக வேறு இடத்தில் எழுதினார். பீட்டருடைய இடத்தை அப்படியே விட்டுவிட்டார்.

அதனால் 'ஆறு மணி ஷிப்ட்' நடுவில் எட்டு எண்ணிக்கைக்கு யாரும் ஒன்றும் வாசிப்பதில்லை. பதினோரு பேரும் வாத்தியத்தைத் தயாராகப் பிடித்தபடி நிற்பார்கள்.

இதை மற்ற பேண்டுகள் பார்த்தன. மாஸ்டர் செய்தால் காரணம் இல்லாமல் இருக்காது என்று நினைத்தன. ஆரம்பாக்கம் பேண்ட் அந்த உருப்படியைக் காதால் கேட்டுப் பிடித்தபோது எட்டு எண்ணிக்கை மௌனத்தையும் சேர்த்துப் பிடித்தது. அங்கிருந்து தடா, அங்கிருந்து சூலூர்ப்பேட்டை. இந்தப் பக்கம் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் எந்தச் சாவுக்குப் போனாலும் எல்லா பேண்டும் அதே இடத்தில் எட்டு எண்ணிக்கை நிற்கும். ஆடுகிற பையன்கள் ஒற்றைக் காலைத் தூக்கியபடி சிலையாக நிற்பார்கள். அவர்கள் காலைத் தூக்கி நிற்பது பல் போன ஒரு ட்ராம்போன்காரருக்காக என்பது அவர்களுக்குத் தெரியாது.

பென்னிக்குத் தெரியும். அவன் சேர்ந்தது பீட்டர் போன அடுத்த வருடம். இருபத்தைந்து வருடமாக அந்த எட்டையும் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறான், அங்கே என்ன இருந்திருக்கும் என்று யோசித்தபடி. முழுசாக வாசித்தால் எப்படிக் கேட்கும்? ஒருதரம் மாஸ்டரிடமே கேட்டான். "எண்ணுடா, அதான் உன் வேலை" என்றார். அதற்குப் பதில் அந்தப் பெரிய நோட்டில்தான் இருக்கவேண்டும்.

மாஸ்டரின் மனைவி முத்தம்மா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுபத்துநாலு வயது. நேற்றிலிருந்து அழுது முடித்துவிட்டு இப்போது வருகிறவர்களுக்கு டீ போகிறதா என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய நோட்டு டிவி ஸ்டாண்டின்மேல், பைபிளுக்கு அடியில் இருந்தது.

பென்னி பக்கத்தில் குந்தினான். "யம்மா, அந்த நோட்டு…"

"நோட்டுக்கு இன்னா?"

"பெட்டில வெக்கப்போறீங்கன்னாங்கோ."

"ஆமா. பீட்டரு காயிதம் பீட்டரோட போச்சு. நாகமுத்து காயிதம் நாகமுத்துவோட போச்சு. இவரு காயிதம் இவரோட போவட்டும். உனக்கு இன்னா நைனா இதுல பேஜாரு?"

"அது எல்லாரோட காயிதமும்மா. எல்லாரு லைனும் அதுல கீது."

"எழுதனது யாரு?"

"மாஸ்டரு."

"அப்போ யாரோட காயிதம்?"

பென்னி ஐஸ் பெட்டியைப் பார்த்தான். மாஸ்டர் இந்த விவாதத்தில் தலையிட விரும்பாதவர்போல் படுத்திருந்தார்.

"ஒரு போட்டோவாச்சும் எடுத்துக்கறேம்மா. செல்லுலயே. அரைமணி நேரம்."

"அவரு கைல மோதிரம் கீது பாரு. அதையும் வெச்சித்தான் அனுப்பறோம். ஜெராக்ஸ் எடுத்துக்கினா அனுப்பறோம்?"

மகள் ஏஞ்சலின் டீ தட்டோடு வந்தாள். அத்திப்பட்டு மின்நிலையத்தில் கணக்குப் பிரிவு. எதிலும் விதி பார்க்கிறவள். பென்னி அவளை நம்பிக்கையோடு பார்த்தான்.

"என்னைப் பாக்காதீங்கண்ணே," என்றாள் ஏஞ்சலின். "அம்மா சொல்றது ஒழுங்காத்தான் கீது."

பன்னிரண்டு மணிக்கு மற்ற பேண்டுகள் வர ஆரம்பித்தன. யாரும் கூப்பிடவில்லை, பணமும் கேட்கவில்லை. ஆரம்பாக்கம் பேண்ட் சிவப்புக் கோட்டில், தடா பேண்ட் சரிகைத் தலைப்பாகையில், மீஞ்சூரிலிருந்து ஒன்று, பெயரே தெரியாத ஒன்று. ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து 'ஆறு மணி ஷிப்ட்' வாசித்துவிட்டுத் தெருவோரம் ஒதுங்கினார்கள். பீட்டர் இடம் வந்ததும் ஒவ்வொருவரும் எட்டு எண்ணிக்கை நின்றார்கள். தடா பேண்டின் தலைவர் வாசித்து முடித்துவிட்டு ஐஸ் பெட்டிக்கு சல்யூட் அடித்தார். முத்தம்மா அவரைப் பார்க்க எழுந்து வெளியே போனாள்.

"அண்ணே," என்றான் ராபின், குரலைத் தாழ்த்தி. "இப்போ."

பென்னி பைபிளைத் தூக்கி, நோட்டை உருவி, பைபிளை மறுபடி வைத்தான். கர்த்தர் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அவரும் ஒரு நாளைக்கு அந்த எட்டு எண்ணிக்கையைக் கேட்கப் பிரியப்படுவார் என்றும் தோன்றியது.

வீட்டுக்குப் பின்னால் பேண்டின் குட்டியானை வண்டி நின்றது. ட்ரம்களுக்கு நடுவில் உட்கார்ந்து பென்னி நோட்டைப் பிரித்தான். ராபின் காவல். 'ஆறு மணி ஷிப்ட்' மூன்றாம் பக்கம். பீட்டர் வரி.

வெள்ளை.

எட்டு எண்ணிக்கைக்கும் ஒயிட்னர் பூசியிருந்தது. சுவருக்கு அடித்த சுண்ணாம்புபோலத் திட்டமாக, கோடு தாண்டாமல். அதன்மேல் மாஸ்டரின் கையெழுத்தில் மௌனக் குறிகள், ஓரத்தில் 'பீட்டர். 14-3-98.' பென்னி பக்கங்களைப் புரட்டினான். நாற்பத்துமூன்று உருப்படியிலும் பீட்டர் தனியாக வந்த இடமெல்லாம் வெள்ளை. நாகமுத்து தனியாக வந்த இடமெல்லாம் வெள்ளை.

"இன்னாண்ணே கீது?"

"ஒண்ணுமே இல்லடா. பூசிட்டாரு."

"சொரண்டிப் பாருங்க."

பென்னி நகத்தை வைத்தான். வைத்த நகத்தை எடுத்துக்கொண்டான். பிறகு அந்தத் தாளை மட்டும் நிமிர்த்தி, பின்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினான். மத்தியானச் சூரியன் ஒயிட்னரைத் தாண்டி வந்தது. பழைய மசி புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது.

அவன் வாய்க்குள் வாசித்துப் பார்த்தான். டூம், டூம், டூம், டூம். நாலு படி ஏறி நாலு படி இறங்கினால் முடிந்தது. எந்தக் கல்யாணத்திலும் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் வாசிக்கிற நடை. மறுபடியும் ஒருதரம் வாசித்தான். மறுபடியும் சாம்பார், ரசம்.

இருபத்தைந்து வருடம்!

அப்போதுதான் அதே பக்கத்தில் சிவப்பு மசியைக் கவனித்தான். பூசிய இடத்துக்கு முன்னும் பின்னும் மற்றவர்கள் வரிகளிலெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள், எல்லாம் அதே தேதியில். பேஸ் ட்ரம் முன்னால் எட்டாவது அடி வரை போனது. அதை ஏழில் நிறுத்தியிருந்தார், கால் வைக்கப் போன இடத்தில் படி இல்லாததுபோல. கிளாரினெட்டின் வாக்கியத்தைப் பாதியில் வெட்டி, கேட்கிறவன் காதை முன்னால் சாய வைத்திருந்தார். எட்டு முடிந்ததும் ட்ரம்பெட் உச்சியிலிருந்து பாய்ந்த இடத்தில், அடியிலிருந்து மெல்ல எழும்பும்படி மாற்றியிருந்தார். சாவு வீட்டுக்குள் குனிந்து நுழைகிறவன் மாதிரி. பென்னி இத்தனை வருடமாக வாசித்தது அதைத்தான். அது சாதாரண இடம் என்று நினைத்திருந்தான். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கரை கட்டியதைப் பார்க்கவில்லை.

"பாத்துட்டியா?"

முத்தம்மா வண்டிக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் ஏஞ்சலின். ராபின் காவல் காத்த திசையில் யாரும் வரவில்லை என்பது உண்மைதான்.

பொய் சொல்லலாம், ஆனால் கையில் நோட்டு. "பாத்துட்டம்மா."

"எப்பிடி கீது?"

"சுமாராத்தாம்மா கீது."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் முத்தம்மா. "பீட்டரு அந்த எடத்துல அரிசி மூட்டை உருட்டறா மாரி கீதுன்னு. கேக்கல. அவன் போனப்புறம்தான் அந்த எடம் உருப்பட்டுச்சி. அதுக்கு மூணு நாள் சோறு திங்காம ஒக்காந்துனு இருந்தாரு. நான் செத்தா இம்மாம் மெனக்கெடுவியான்னு கேட்டேன். நீ இன்னா வாசிக்கிறன்னு திருப்பிக் கேட்டாரு."

ஏஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். சாவு வீட்டில் அதற்குமேல் சிரிக்க முடியாது.

"சரி, சாயங்காலம் இவரு லைனை யாரு வாசிக்கிறது?" என்றாள் முத்தம்மா.

'ஆறு மணி ஷிப்ட்' கடைசியில் பதினாறு எண்ணிக்கை மாஸ்டரின் கிளாரினெட் மட்டும் தனியாக வரும். நடக்க முடியாமல் போன பிறகும் வண்டியில் உட்கார்ந்து அதை மட்டும் வாசிப்பார். போன மாதம்கூட வாசித்தார்.

"நான்தாம்மா," என்றான் பென்னி. "ட்ரம்பெட்ல வாசிச்சுடலாம்னு… ஒரு மரியாதைக்கு."

"பீட்டரு லைனை யாருனா வாசிச்சாங்களா?"

"இல்ல."

"நாகமுத்து லைனை?"

"இல்லம்மா."

"அப்போ இவரு மட்டும் இன்னா எளக்காரமா?"

பென்னி நோட்டைப் பார்த்தான். முதல் வரி. 'பாக்கியநாதனுக்கு.' அதில் ஒரு துளி வெள்ளை இல்லை. எல்லாருக்கும் பூசியவர் தனக்குப் பூசிக்கொள்ள வழி இல்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் வாசிக்கிறவன்."

"அவரும் அதான் சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள் முத்தம்மா. "நாலு மணிக்கு நோட்டு என் கைல இருக்கணும்."

பத்து நிமிடத்தில் ஏஞ்சலின் மாஸ்டரின் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒயிட்னர், சிவப்புப் பேனா, ஒரு துண்டு ரப்பர். மணி ஒன்றரை.

"அண்ணே, இப்போ நம்ப கைல கீது," என்றான் ராபின், செல்லை எடுத்துக்கொண்டு. "கடகடன்னு எல்லாத்தையும் போட்டோ புடிச்சிரலாம்."

"வேணாம்."

"அப்ப மட்டும் எடுக்கப் பாத்தீங்க?"

"அப்போ திருடனது. இப்போ நம்பிக் குடுத்துட்டாங்கடா."

ராபினுக்கு இந்த நியாயம் விளங்கவில்லை. பென்னிக்கும் முழுசாக விளங்கவில்லை. ஒயிட்னர் மூடியைத் திறந்தான்.

பூசுவதுதான் சுலபமாக இருக்கும் என்று நினைத்தான். அதிலேயே இரண்டு இடத்தில் கோடு தாண்டியது. பதினாறையும் மௌனமாக்கி, பேண்டை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி மெதுவாக வாசித்துப் பார்த்தார்கள்.

"கரண்ட் கட்டு மாரி கீதுண்ணே," என்றான் ராபின்.

உண்மைதான். பீட்டருக்கு எட்டு தாங்கியது; பதினாறு தாங்கவில்லை. பேண்டுக்குள் சண்டை வந்து நிறுத்திவிட்டார்கள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அடுத்ததாக ராபினுக்கு அங்கே ஓர் இழுப்புக் கொடுத்துப் பார்த்தான். ராபின் சந்தோஷமாக வாசித்தான். மாஸ்டரின் செருப்பை வேறு யாரோ போட்டுக்கொண்டு ஓடுகிற மாதிரி கேட்டது. அதையும் அடித்தான். மணி மூன்று.

பிறகு பென்னி நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தான். ராபின் எப்போதும் அவசரக்காரன். ஒரு சுரம் கொடுத்தால் அடுத்ததுக்குப் பாய்வான். ஆகவே அவனுக்கு ஒரே ஒரு அடிச் சுரம், முதல் எட்டு எண்ணிக்கைக்கும். பாயத் துடித்தபடி அவன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அடுத்த எட்டுக்கு யாரும் இல்லை, ட்ரம்மும் இல்லை. ஆனால் நடை நிற்கக்கூடாது, கால்சத்தம் மட்டும். அப்புறம் ட்ரம்பெட். மாஸ்டரின் கிளாரினெட் கேள்வி கேட்பதுபோல முடியும். பென்னியின் ட்ரம்பெட் அதற்குப் பதில் சொல்லும். அந்தப் பதிலில் அவன் ஒரு புள்ளியையும் மாற்றவில்லை. கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் விட்டான்.

இரண்டு தரம் வாசித்துப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. ராபின் ஒன்றும் சொல்லவில்லை. அவனிடமிருந்து அப்படி ஒரு விமர்சனம் அதுவரை வந்ததில்லை.

நாலு மணிக்கு நோட்டை முத்தம்மாவிடம் கொடுத்தான். ஜெபம் முடிந்து பெட்டி வண்டியில் ஏறியது. முன்னால் ஜெனரல் ஷிப்ட். பின்னால் மற்ற பேண்டுகள் வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி வாசிக்காமல் வந்தன. ரயில்வே கேட் தாண்டி, மார்க்கெட் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் ஆரம்பிக்கிற இடத்தில் 'ஆறு மணி ஷிப்ட்' கடைசிப் பக்கத்துக்கு வந்தது.

கிளாரினெட் வரவேண்டிய இடம். ராபின் அடிச் சுரத்தைப் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, பாயவில்லை. எட்டு. அவனும் நின்றான். அப்புறம் தார் ரோட்டில் முந்நூறு ஜோடிக் கால்கள் நடக்கிற சத்தம் மட்டும் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு இந்த இடம் புதுசு. காலைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் மற்றவர்களோடு சும்மா நடந்தார்கள். பின்னால் தடா பேண்டின் தலைவர் தலைப்பாகையைக் கழற்றினார். பென்னி எண்ணினான். பதினாறு. பதிலை வாசித்தான்.

கேள்வியை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக முகம் பார்க்கப் பெட்டியைத் திறந்தார்கள். முத்தம்மா நோட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்டோர்ஸ் சீட்டை முதலில் எடுத்தாள். மாஸ்டர் தனக்குத் தானே எழுதிக்கொண்டது. உச்சியில், 'பாக்கியநாதனுக்கு — கிழவன். விட்டால் நீட்டுவான். பதினாறோடு நிறுத்தவும்' என்றிருந்தது. அதை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தாள். பிறகு பெரிய நோட்டைப் பிரித்தாள்.

பென்னி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதும்மா."

"இவ்ளோ அசிங்கமா கீது?"

"அவசரத்துல…"

முத்தம்மா நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கோடு தாண்டிய இரண்டு இடத்தையும் பார்த்தாள். சிவப்பு மசியைப் பார்த்தாள். ஓரத்தில் அவன் போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, உயிரோட கீறவன் எழுதனதை செத்தவரு பெட்டில வெக்கலாமா?"

பாஸ்டர் யோசித்தார். இதற்கு வசனம் எதுவும் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. "அப்படி வழக்கம் இல்லம்மா," என்று சொல்லிவைத்தார்.

"அதான். அவரு காயிதம் அவருகூட போயிடுச்சி. இதுல இவன் எழுத்து பூந்துடிச்சி." நோட்டை மூடிப் பென்னியின் மார்பில் வைத்து அழுத்தினாள். "வெச்சிக்கோ. நீ செத்தப்புறம் பாத்துக்கலாம்."

பெட்டியை மூடினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். பென்னி ஒரு கையால் போட்டான். மற்றக் கை நோட்டை விடவில்லை. கூட்டம் கலைந்து வாசலுக்கு வருவதற்குள் ராபின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டான்.

"அண்ணே, நோட்டு இப்போ உங்க கைல. அந்த 'கேட் போட்டாச்சு'ல எனக்கு ரொம்பக் கம்மியா கீது, நீங்களே பாத்திருப்பீங்க, நானும் பதினெட்டு வருசமா சும்மா பூம் பூம்னு ஊதிக்கினு கீறேன், ஒரு எட்டு சேத்து எழுதினீங்கன்னா, மேல போற மாரி, நம்ப தெறமையும் நாலு பேருக்கு…"

ராபின் பேசிக்கொண்டே வந்தான். பென்னி எத்தனை வார்த்தைக்கு ஒருதரம் அவன் மூச்சு வாங்குகிறான் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.